நாட்டிங்காம்: ஆபீஸ் பார்க்கிங்குக்கு விலை வைத்த ஊர்

ஆபீஸ் வாசலில் காரை நிறுத்த எவ்வளவு செலவாகும்? "ஒன்றுமில்லை, அது ஃப்ரீதானே" என்றுதான் எல்லோரும் சொல்வோம். காரில் வருபவருக்கு ஃப்ரீ, சரி. ஆனால் அந்த இடம் வானத்திலிருந்து விழவில்லை. நிலம் வாங்க வேண்டும், தார் போட வேண்டும், விளக்குப் போட வேண்டும், காவலுக்கு ஆள் வைக்க வேண்டும். அந்தப் பணத்தை நிர்வாகம் கட்டுகிறது. நிர்வாகம் என்பது ஒரு மாநகராட்சியாக இருந்தால், ஊர் மக்கள் கட்டுகிறார்கள். அதே ஆபீஸுக்கு பஸ்ஸில் வரும் கிளார்க்குக்கும், சைக்கிளில் வரும் உதவியாளருக்கும், நடந்தே வரும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அந்த நிலத்தில் ஒரு அடி கூடக் கிடையாது. அதாவது, காரில் வருபவருக்கு மட்டும் சம்பளத்துக்கு மேல் ஒரு சின்னச் சம்பளம், கண்ணுக்குத் தெரியாமல்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு, அதற்கு ஒரு விலைச் சீட்டு ஒட்ட இங்கிலாந்தில் ஒரு ஊருக்குக் கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆனது. ஊரின் பெயர் நாட்டிங்காம். உள்ளாட்சி ஊழியர்கள் ஆபீஸுக்கு எப்படிப் போனார்கள் என்பதெல்லாம் ஒரு வரலாறா என்று நினைக்காதீர்கள். ராஜாக்கள் போட்ட சண்டையை விட இதில் சுவாரஸ்யம் அதிகம் என்பது என் கட்சி.

நாட்டிங்காம் என்றதும் சிலருக்கு ராபின் ஹூட் ஞாபகம் வரும், கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானம். எனக்கு ஞாபகம் வருவது சைக்கிள். ராலே சைக்கிள் கம்பெனி பிறந்த ஊர் அது. ராலே தெரு என்ற தெருவில் இருந்த ஒரு சின்னப் பட்டறையை ஃபிராங்க் பௌடன் என்பவர் வாங்கி, 1888-ல் கம்பெனியாக்கினார். 1950-களின் தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலை வருடத்துக்குப் பத்து லட்சம் சைக்கிள் செய்தது! ஆலன் சில்லிட்டோ 1958-ல் எழுதிய 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' நாவலின் கதாநாயகன் வேலை பார்ப்பது இந்தத் தொழிற்சாலையில்தான். சில்லிட்டோவே சிறுவயதில் அங்கே வேலை பார்த்தவர்.

நமக்கும் இதற்கும் ஒரு சொந்தம் உண்டு. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வந்தன. 1960-ல் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நாட்டிங்காம் ராலேயையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆக, நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸும் நாட்டிங்காம் ராலேயும் ஒருவகையில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். உலகத்துக்கே சைக்கிள் செய்து கொடுத்த நாட்டில் சைக்கிள் என்ன ஆனது? பிரிட்டனில் 1949-ல் எல்லோரும் சேர்ந்து சைக்கிளில் போன தூரம் 1,470 கோடி மைல். சாலையில் வண்டிகள் ஓடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1973-ல் அது 230 கோடி மைலுக்கு விழுந்துவிட்டது. இருபத்துநாலே வருடத்தில்! இதை 'மக்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள்' என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. கார் கிடைத்தது, சம்பளம் கூடியது, வீடுகள் ஊருக்கு வெளியே போயின, சாலைகள் காருக்காக அகலமாயின. அதோடு ஆபீஸ்கள் வாசலில் நிலத்தைச் சமன்செய்து "வாங்க, நிறுத்துங்க" என்றன.

1970-களின் தொடக்கத்தில் நாட்டிங்காமில் நகரத்தை ஊடுருவும் பெரிய சாலைகள் போடும் திட்டம் இருந்தது. அதைக் கைவிட்டுவிட்டு, இருக்கிற சாலையிலேயே காரைக் குறைப்போம் என்று புதிதாக வந்தவர்கள் யோசித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'ஜோன் அண்ட் காலர்' சோதனை. 'மண்டலமும் கழுத்துப்பட்டையும்' என்று சொல்லலாம். நகரத்தின் மேற்குப் பக்கக் குடியிருப்புகள் மண்டலங்கள். காலையில் அங்கிருந்து வெளியே வரும் வழிகளில் சிக்னல் வைத்து கார்களை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தார்கள். நகர மையத்தைச் சுற்றி இன்னொரு வளையம் சிக்னல், அதுதான் காலர். பஸ்ஸுக்கு மட்டும் தனி வழி. கார்க்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் பஸ் ஏறுவார் என்பது கணக்கு.

1975 ஆகஸ்டில் தொடங்கினார்கள். 1976 ஜூலையில் மூட்டை கட்டினார்கள்.

ஏன் தோற்றது? கார்களை நிறுத்தி வைக்க இடம் இல்லை. வரிசை நீண்டால் பின்னால் இருக்கும் சாலை அடைத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்ச நேரத்துக்கு மேல் யாரையும் நிறுத்த முடியவில்லை. சிலர் சிவப்பு விளக்கைக் கண்டுகொள்ளாமலே போனார்கள். பஸ்ஸுக்கு மிச்சமான நேரமும் பெரிதாக இல்லை. காரில் போனவர்கள் காரிலேயே போனார்கள். எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது வேறொன்று. அந்தச் சிக்னல்களைத் தாண்டி வந்த ஒருவருக்கு நகரத்துக்குள் ஆபீஸ் பார்க்கிங் இலவசமாகக் காத்திருந்தது. வழியில் இரண்டு நிமிடம் தாமதம், முடிவில் ஃப்ரீ இடம். நீங்களாக இருந்தால் பஸ் ஏறுவீர்களா?

இதே காலத்தில் அரசாங்கத்தின் வருமான வரிச் சட்டம் எந்தப் பக்கம் நின்றது என்று பார்த்தால் சிரிப்பு வரும். முதலாளி ஊழியருக்குக் கொடுக்கும் சலுகைகளுக்கு வரி உண்டு, ஆனால் வேலை இடத்தில் கொடுக்கும் கார் பார்க்கிங்குக்கு வரி இல்லை என்று 1988-ல் சட்டத்திலேயே எழுதினார்கள். முதலாளி ஒரு சைக்கிளை ஊழியருக்கு இரவல் கொடுத்தால் அதற்கு வரி இல்லை என்று எழுத 1999 வரை ஆனது. காருக்கும் சைக்கிளுக்கும் நடுவே பதினோரு வருடம்.

உள்ளாட்சிகளின் கணக்குப் புத்தகம் இன்னும் மோசம். இங்கிலாந்தில் கவுன்சில் ஊழியர்களின் சம்பளத்தையும் படிகளையும் தேசிய அளவில் பேசி ஒரு ஒப்பந்தமாகப் போடுகிறார்கள். அதில் காருக்கு ஒரு பட்டியல் உண்டு. வேலைக்குக் கார் கட்டாயம் தேவை என்று நிர்வாகம் முடிவு செய்த ஊழியர் ஒரு வகை. அவருக்கு 'அத்தியாவசியப் பயனர்' என்று பெயர். கட்டட ஆய்வாளர், சமூகநலப் பணியாளர் போன்றவர்கள். இவர்களுக்கு வருடத்துக்கு ஒரு மொத்தத் தொகை, அதற்கு மேல் ஓட்டிய மைலுக்கு இவ்வளவு என்று படி. எப்போதாவது காரை எடுப்பவருக்கு மொத்தத் தொகை கிடையாது, ஆனால் மைல் படி அதிகம். 2010-ல் அந்தப் பட்டியல் இப்படி இருந்தது: 1,000 சி.சி.க்குக் குறைந்த என்ஜின் என்றால் அத்தியாவசியப் பயனருக்கு வருடத்துக்கு 846 பவுண்டு, மைலுக்கு 36.9 பென்ஸ். 1,200 சி.சி.க்கு மேல் என்றால் 1,239 பவுண்டு, மைலுக்கு 50.5 பென்ஸ்.

மறுபடி படியுங்கள். பெரிய என்ஜினுக்கு அதிகப் பணம்! ஒரு பக்கம் "காற்று மாசைக் குறைப்போம்" என்று போஸ்டர் அடிக்கும் கவுன்சில், இன்னொரு பக்கம் அதிகமாகப் புகைவிடும் காருக்கு அதிகப் படி கொடுத்துக்கொண்டிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. பெரிய காருக்குச் செலவு அதிகம், செலவை ஈடுகட்ட வேண்டும் என்ற நியாயம்தான். ஆனால் ஊழியர் கண்ணுக்கு அந்தப் பட்டியல் சொன்னது என்ன?

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஒரு கட்டட ஆய்வாளருக்குப் பகல் பதினொரு மணிக்கு எங்கோ ஒரு வீட்டைப் பார்க்கப் போக வேண்டும். அதற்குக் கார் வேண்டும். அந்தக் கார் அவருடைய சொந்தக் கார். ஆகவே காலையில் வீட்டிலிருந்து அதில்தான் ஆபீஸுக்கு வந்தாக வேண்டும். வெளிவேலையே இல்லாத நாளிலும், திடீரென்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று எடுத்து வருவார். ஆபீஸில் அத்தனை காருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அவரிடம் போய் "சைக்கிளில் வாங்க சார், உடம்புக்கு நல்லது" என்று சொன்னால், அவர் வேலையை யார் செய்வது? பகலில் போகும் பயணத்தை மாற்றாமல் காலையில் வரும் பயணத்தை மாற்ற முடியாது. இதைப் புரிந்துகொண்ட கவுன்சில்கள் அலுவலகத்திலேயே பொதுக் கார்களையும் பொதுச் சைக்கிள்களையும் வாங்கி வைத்தன. லண்டனின் குரோய்டன் கவுன்சில் 2010-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. வாடகைக் கார் கிளப் ஒன்றின் கார்களை வார நாட்களில் பகலில் ஊழியருக்கு ஒதுக்கி, அதே கார்களை மாலையிலும் சனி ஞாயிறிலும் ஊர்மக்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது.

ஊழியர் பயணத்துக்கு ஒரு திட்டம் போட வேண்டும் என்ற யோசனையே அமெரிக்காவிலிருந்து வந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் புகைமூட்டம் தாங்காமல், 1988-ல் 'பதினைந்தாம் விதி' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரே இடத்தில் நூறு பேருக்கு மேல் வேலை செய்தால், அவர்கள் தனித்தனிக் காரில் வருவதைக் குறைக்கத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை, 1995-ல் கலிஃபோர்னியா அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் அங்கேயே 1992-ல் வந்த இன்னொரு சட்டம் சத்தமில்லாமல் ஒரு பெரிய உண்மையைக் காட்டியது. ஊழியருக்காக வாடகைக்கு பார்க்கிங் எடுத்துக் கொடுக்கும் முதலாளி, அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்றது அது. டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் எட்டு நிறுவனங்களை ஆராய்ந்து 1997-ல் சொன்னார்: தனியாகக் காரில் வந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 63 சதவீதமானார்கள். பிரசாரம் இல்லை, உறுதிமொழி இல்லை. கையில் காசு, அவ்வளவுதான். (2025-ல் காலமான ஷூப், வாழ்நாள் முழுக்கப் பார்க்கிங்கைப் பற்றியே எழுதியவர். இப்படி ஒரு விஷயத்துக்கே வாழ்நாளைக் கொடுப்பவர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை.)

பிரிட்டனில் இந்த யோசனையை முதலில் கையில் எடுத்தவர்களில் நாட்டிங்காம்ஷயர் கவுண்டி கவுன்சிலும் ஒன்று. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. நாட்டிங்காம் மாநகரம் அதற்குள்தான் இருந்தது. 1998 ஏப்ரலில் மாநகர கவுன்சில் தனி அதிகாரத்தோடு பிரிந்தது. அதே வருடம் ஜூலையில் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் போக்குவரத்து வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். உள்ளாட்சிகளும் ஆஸ்பத்திரிகளும் அரசு அலுவலகங்களும் மற்றவர்களுக்கு வழிகாட்டியாகத் தங்கள் ஊழியர் பயணத்துக்குத் திட்டம் போட வேண்டும் என்றது அறிக்கை. அதன் பின் ஒரே திட்ட மழை. சைக்கிள் ஸ்டாண்ட், குளியலறை, லாக்கர், பஸ் பாஸில் தள்ளுபடி, ஒரே பக்கம் போகிறவர்கள் ஒரே காரில் போக ஏற்பாடு, 'காரில்லா வாரம்', இலவச டீ ஷர்ட்…

இதில் எது வேலை செய்தது? நல்லவேளை, யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்தார்கள். நல்ல பெயர் எடுத்த இருபது நிறுவனங்களின் திட்டங்களை அரசுக்காக ஆராய்ந்து 2002-ல் ஓர் அறிக்கை வந்தது. அந்த இருபதில் பக்கிங்காம்ஷயர் கவுண்டி கவுன்சிலும் உண்டு. அங்கே ஊழியருக்கு பஸ்ஸிலும் ரயிலிலும் கட்டணச் சலுகை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். சராசரியாக, காரை ஓட்டி வருபவர்கள் 18 சதவீதம் குறைந்திருந்தார்கள். ஆனால் சராசரியைப் பிரித்துப் பார்த்தால்தான் கதை. பார்க்கிங்கில் கைவைத்த இடங்களில், அதாவது கட்டணம் போட்டோ, இடத்தைக் குறைத்தோ, காரில் வராதவருக்குப் பணம் கொடுத்தோ செய்த இடங்களில், குறைவு 24 சதவீதத்துக்கும் மேல். பார்க்கிங்கைத் தொடாமல் மற்ற எல்லாம் செய்த இடங்களில் 10 சதவீதம்.

10 சதவீதமும் சும்மா இல்லை, ஒப்புக்கொள்கிறேன். குளியலறை கட்டியதால் பத்து பேர் சைக்கிளுக்கு மாறினால் அது நல்லதுதான். ஆனால் எல்லாக் கவுன்சிலும் குளியலறையோடு நின்றுகொண்டதற்குக் காரணம் உண்டு. குளியலறையை யாரும் எதிர்ப்பதில்லை. பார்க்கிங்கைத் தொட்டால் மறுநாள் காலையில் யூனியன் வாசலில் நிற்கும்.

நாட்டிங்காம் தொட்டது. 2000-ல் வந்த போக்குவரத்துச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு இரண்டு புதிய அதிகாரம் கொடுத்தது. ஒன்று, சாலையில் வரும் காருக்குக் கட்டணம் வாங்குவது. மற்றொன்று, ஊழியருக்குக் கார் நிறுத்த இடம் கொடுக்கும் முதலாளியிடம் ஓர் இடத்துக்கு இவ்வளவு என்று வருடக் கட்டணம் வாங்குவது. இரண்டாவதன் பெயர் 'வொர்க்பிளேஸ் பார்க்கிங் லெவி'. முதல் அதிகாரத்தை நம்பியவர்கள் என்ன ஆனார்கள்? எடின்பரோவில் (அங்கே ஸ்காட்லாந்துக்கென்று தனிச் சட்டம்) 2005-ல் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். மான்செஸ்டரில் 2008 டிசம்பரில் கேட்டார்கள். 79 சதவீதம் வேண்டாம். நாட்டிங்காம் பொது வாக்கெடுப்பே வைக்கவில்லை. கட்டணம் கார் ஓட்டுபவர் மீது அல்ல, முதலாளி மீது என்பதால் எதிர்ப்பின் முகமும் வேறாக இருந்தது. வர்த்தகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், கம்பெனிகள் ஊரை விட்டுப் போய்விடும் என்றார்கள். 2007-ல் பொது விசாரணை நடந்தது. 2009 ஜூலையில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. 2012 ஏப்ரல் 1-ல் கட்டணம் தொடங்கியது. (ஏப்ரல் ஒன்றாம் தேதி என்பது தற்செயல்தான், அவர்களுடைய நிதியாண்டுக் கணக்கு.)

விதி சுலபமானது. பதினொன்று அல்லது அதற்கு மேல் ஊழியர் பார்க்கிங் இடம் வைத்திருந்தால் ஓர் இடத்துக்கு முதல் வருடம் 288 பவுண்டு. பத்து வரை இருந்தால் ஒன்றுமில்லை. சின்னக் கடைகள் தப்பின. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் போன்ற அவசர சேவைகளுக்கும் அரசு மருத்துவமனைகளின் நேரடிச் சேவை இடங்களுக்கும் முழு விலக்கு. மாற்றுத்திறனாளி ஊழியர் நிறுத்தும் இடத்துக்கும் விலக்கு. கிட்டத்தட்ட 500 முதலாளிகளும் 25,000 இடங்களும் கட்டணத்துக்குள் வந்தன.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நகரத்தின் பெரிய முதலாளிகளில் ஒன்று யார்? மாநகர கவுன்சிலேதான். சட்டம் போடுபவரும் அவரே, கட்டணம் வாங்குபவரும் அவரே, கட்ட வேண்டியவரும் அவரே. தன் பார்க்கிங்குக்குத் தானே விலக்குக் கொடுத்துக்கொள்ள எத்தனை ஆசை இருந்திருக்கும்! கொடுத்துக்கொள்ளவில்லை. கவுன்சில் அலுவலகங்களும் கட்டணத்துக்குள் வந்தன, பள்ளிக்கூடங்களும் வந்தன. இது நடக்காமல் இருந்திருந்தால் இந்த லெவி ஒரு வருடம் கூடத் தாங்கியிருக்காது என்று நினைக்கிறேன். "உன் ஆபீஸர் காருக்கு ஃப்ரீ, என் தொழிலாளி காருக்குக் காசா?" என்று எந்த முதலாளியும் கேட்டிருப்பார், ஊரும் அவர் பக்கம் நின்றிருக்கும்.

அதற்கு முன்பே இன்னொன்றும் செய்திருந்தார்கள். 2009-ல் கவுன்சில் ஸ்டேஷன் தெருவில் உள்ள லாக்ஸ்லி ஹவுஸ் என்ற பெரிய கட்டடத்தை வாங்கி, பல இடங்களில் சிதறியிருந்த அலுவலகங்களை அங்கே கொண்டுவந்தது. பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷன், பக்கத்தில் டிராம். (லாக்ஸ்லி என்பது ராபின் ஹூட்டின் ஊர் என்று கதை. வசூலிக்கும் இடத்துக்கு ராபின் ஹூட் பெயர் வைத்தவர் யாரோ, குசும்பர்.) ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது நூறு போஸ்டருக்குச் சமம். நகரத்துக்கு வெளியே, பைபாஸ் ஓரம், பெரிய மைதானத்தோடு ஆபீஸைக் கட்டிவிட்டு "பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்பினால் ஊழியர் எதில் வருவார்?

1975 சோதனையில் இல்லாத ஒன்று இந்த முறை இருந்தது. வாங்கும் பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. லெவிப் பணத்தைப் போக்குவரத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முதல் டிராம் பாதை 2004 மார்ச்சிலேயே ஓடத் தொடங்கியிருந்தது. லெவியைக் காட்டி இரண்டாம் கட்டத்துக்குப் பணம் திரட்டினார்கள். கிளிஃப்டன் பக்கமும் பீஸ்டன் பக்கமும் போகும் அந்தப் பாதைகள் 2015 ஆகஸ்ட் 25-ல் திறந்தன. டிராம் பாதையின் மொத்த நீளம் 32 கிலோமீட்டர் ஆனது. ரயில்வே ஸ்டேஷனைப் புதுப்பிக்கவும், பஸ் போகாத மூலைகளுக்கு இணைப்பு பஸ் விடவும் லெவியிலிருந்து பணம் போனது. வருடத்துக்கு ஏறத்தாழ 90 லட்சம் பவுண்டு வசூலானது.

ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். கட்டணம் 2012-ல், டிராம் 2015-ல். நடுவில் மூன்று வருடம் கிளிஃப்டன்காரர் கட்டணத்துக்குள் இருந்தார், அவருக்கு டிராம் இல்லை. டிராம் பாதைக்காகத் தோண்டிய சாலைதான் இருந்தது. பணம் முன்னால் வராமல் டிராம் வராது என்பது உண்மைதான். அந்த மூன்று வருடத்தின் எரிச்சலும் உண்மை.

பள்ளிக்கூட விஷயம் எனக்கு இன்னமும் உறுத்தலாக இருக்கிறது. கட்டணம் முதலாளிக்குத்தான், ஆனால் அதை ஊழியரிடம் வாங்கிக்கொள்ள முதலாளிக்குத் தடையில்லை. சில பெரிய கம்பெனிகள் தாங்களே கட்டிவிட்டன. சிலர் ஊழியர் தலையில் போட்டார்கள். ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். ஐம்பது நோட்டுப் புத்தகத்தைத் திருத்த வீட்டுக்குத் தூக்கிப் போகும் டீச்சரிடம் பஸ்ஸில் போங்கள் என்பது லேசான பேச்சில்லை. இன்னொன்று: கட்டணம் இடத்துக்கு, சம்பளத்துக்கு அல்ல. அப்படியே ஊழியரிடம் தள்ளிவிட்டால், இயக்குநரும் கடைநிலை ஊழியரும் ஒரே தொகை கட்டுவார்கள். ஐந்து மணிக்கு ஷிஃப்ட் தொடங்குகிறவருக்கு அந்த நேரத்தில் பஸ்ஸே இருக்காது, ஆனால் கட்டணம் இருக்கும். சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி பிரித்து வாங்க முதலாளிக்கு வழி உண்டு. செய்ய வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. சட்டம் எழுதியவர்கள் அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம்.

பலன்? லெவி வரப்போகிறது என்று தெரிந்ததுமே பல முதலாளிகள் தங்கள் பார்க்கிங் இடங்களை எண்ணிப் பார்த்து, வேண்டாததை மூடிவிட்டார்கள். அதுவரை யாரும் எண்ணியதே இல்லை என்பதுதான் வேடிக்கை. லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், நெரிசலைக் கட்டுப்படுத்தியதில் லெவிக்குப் பங்கு உண்டு என்று கண்டார்கள். மந்திரம் எதுவும் நடக்கவில்லை. காரை விட்டவர்கள் இருந்தார்கள்; வீடு மாறியோ வேலை மாறியோ, பஸ்ஸை விட்டுக் காருக்குப் போனவர்களும் இருந்தார்கள். கம்பெனிகள் கும்பலாக ஊரை விட்டு ஓடவும் இல்லை.

சைக்கிள் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ராலே 2002-ல் நாட்டிங்காம் தொழிற்சாலையை மூடிவிட்டது. அந்த நிலத்தில் பல்கலைக்கழக வளாகம் வந்துவிட்டது. அதே 2002-ல், ஆபீஸ் வேலையாகச் சொந்த வண்டியில் போகும் ஊழியருக்கு வரியில்லாமல் கொடுக்கக்கூடிய படியை அரசு மாற்றியது. அதுவரை காருக்கு என்ஜின் அளவுப்படி இருந்த விகிதங்கள் போய், எல்லாக் காருக்கும் மைலுக்கு 40 பென்ஸ், சைக்கிளுக்கு 20 பென்ஸ் என்று ஆனது. காருக்கு 2011-ல் 45 ஆக்கினார்கள். சைக்கிளுக்கு ஏற்றவில்லை.

லெவியைப் பார்த்து மற்ற ஊர்களும் வரும் என்று எதிர்பார்த்தார்கள். பக்கத்து லெஸ்டர் நகரம் திட்டம் போட்டு, மக்கள் கருத்தும் கேட்டு, விலைவாசி ஏறிய 2022-ல் கைவிட்டது. நாட்டிங்காமில் ஓர் இடத்தின் கட்டணம் விலைவாசியோடு ஏறி, 2023-ல் 500 பவுண்டைத் தாண்டிவிட்டது. அதே வருடம் நவம்பரில் மாநகர கவுன்சிலே வரவு செலவைச் சமாளிக்க முடியாமல் கைவிரித்தது. அப்போதும் லெவிப் பணத்தைச் சட்டப்படி போக்குவரத்தைத் தவிர வேறெதற்கும் எடுக்க முடியாது.

ஊழியர் பயணத் திட்டத்தை முன்பே எடுத்துப் பேசிய கவுண்டி கவுன்சிலின் தலைமையகம், கவுண்டி ஹால், ட்ரென்ட் ஆற்றின் அந்தக் கரையில், கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாநகர எல்லைக்கு ஆற்று அகலம் மட்டும் வெளியே. 2012-ல் லெவி தொடங்கியபோது அதன் கார் நிறுத்தத்துக்கு ஒரு பென்ஸ் கூடக் கட்ட வேண்டியிருக்கவில்லை.